யார் வீட்டு நாய் இது? வடசென்னையில் விலங்கு நோய்கள் வரும் வழியும் தடுக்கும் வழியும்

2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. சாலைப் பக்கம் ஒரே நாய் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. ஜனங்கள் அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள். உடலைப் பரிசோதித்தபோது அதற்கு வெறிநோய் இருந்தது தெரியவந்தது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் தெருநாய்த் தொல்லை என்று சொல்லி, கார்ப்பரேஷனைத் திட்டி, பேச்சை முடித்துவிடுகிறோம். ஆனால் வடசென்னையில் எது தெருநாய், எது வீட்டு நாய் என்று பிரிப்பது லேசில்லை.

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு சந்துக்குள் போய்ப் பாருங்கள். ஐந்து வீட்டில் சோறு தின்று, ஆறாவது வீட்டு மாடிப்படியில் தூங்கும் நாய் ஒன்று இருக்கும். முதல் வீட்டில் அதன் பெயர் மணி, மூன்றாவது வீட்டில் டைகர். பிள்ளைகள் அதன் காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கும். ராத்திரி புது ஆள் வந்தால் குரைக்கும். அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். காசிமேட்டில் பூனைகளும் இப்படித்தான். மீன் தலை போடுகிறவர் நிறைய, வளர்ப்பவர் யாருமில்லை. இதோடு மொட்டைமாடியில் புறா, சந்தில் ஆடு, பக்ரீத்துக்கு வாங்கிக் கட்டிய கிடா, திருவொற்றியூர்ப் பக்கம் போனால் மாடு.

செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் கதவைச் சாத்தினால் விலங்கு உள்ளே, தெரு வெளியே என்று இருக்கும் வீடுகளுக்காக எழுதப்பட்டவை. லைன் வீட்டிலும் வாரியக் குடியிருப்பிலும் அப்படி ஒரு கதவே கிடையாது. அதனால் விலங்கிடமிருந்து வரும் நோயை இங்கே ஒரு வீடு தனியாகத் தடுத்துவிட முடியாது என்பதே என் கருத்து. அந்த ஐந்து வீட்டு நாயைச் சந்து மொத்தமும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டால்தான் முடியும். தலைக்கு ஆகும் செலவும் அப்போது குறையும்.

கடி

வெறிநோயை முதலில் பார்த்துவிடலாம். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய் மூலமாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தோன்றிய பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுவதிலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே நேரம், கடிபட்டவுடன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்துவிடக்கூடிய நோயும் இதுதான். கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வந்திருக்கிறது, சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வந்திருக்கிறது. அது மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான் ஊசி. முகம், தலை, கழுத்து, விரல் நுனி ஆகிய இடங்களில் கடிபட்டால் அவசரம் இன்னும் அதிகம். ஐந்து வயதுப் பிள்ளையின் மேல் நாய் பாயும்போது அதன் உயரத்துக்கு முகம்தான் அகப்படுகிறது.

கடிபட்டவுடன் போக வேண்டிய முதல் இடம் குழாயடி. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருவில் 15 நிமிடம் குழாயை ஓடவிட முடியாதுதான். குடத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாலும் பலன் உண்டு. இந்தக் கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அவை புண்ணை எரித்துக் காயத்தைப் பெரிதாக்குமே தவிர கிருமியை ஒன்றும் செய்யாது. இறுக்கிக் கட்டுப் போடவும் கூடாது.

அடுத்தது ஊசி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்ற பயம் இன்னும் பழைய ஆட்களிடம் போகவில்லை. அந்தப் பயத்திலேயே நாட்டு மருந்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தை இந்தியா 2004-லேயே நிறுத்திவிட்டது. இப்போது கையில் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறை; 0, 3, 7, 28 என்ற நாட்களில் இரண்டு கையிலும். 0 என்பது முதல் ஊசி போடும் நாள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. காயம் ஆழமாக இருந்தாலோ இரத்தம் வந்திருந்தாலோ காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காயத்திலேயே கிருமியை முடக்கி வைப்பது இந்த மருந்துதான். அதனால் இரத்தக் காயம் என்றால் நேரே ஸ்டான்லி மாதிரிப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போவது நல்லது. மற்றபடி தடுப்பூசி மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஊசிச் சீட்டைத் தொலைக்காதீர்கள். முன்பே முழுவதும் போட்டவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டு நாள் ஊசியே போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அதற்குச் சீட்டுத்தான் சாட்சி.

இவ்வளவு வசதி இருந்தும் உயிர் போவது ஏன்? பாதி காரணம் பாசம். “நம்ம மணி தானே, விளையாட்டுக்குப் பல்லு பட்டுச்சு” என்று விட்டுவிடுகிறோம். குட்டி கீறினால் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் மூன்று மாதம் வரை குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதில்லை. தாய்க்கும் போட்டிருக்காவிட்டால் அந்தக் குட்டிக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. வெறிபிடித்த நாய் கடித்துத் தப்பித்த குட்டியை இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வருவதும் நடக்கும். மறுபாதி காரணம் சோம்பல். இரண்டு ஊசி போட்ட பிறகு கடித்த நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிடுவது. கடித்த நாயோ பூனையோ 10 நாள் கழித்தும் நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று சொல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த 10 நாளும் காத்திருந்து அப்புறம் ஊசிக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஊசியை அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும்; நாய் என்ன ஆனது என்பதை வைத்து மிச்ச ஊசியை மருத்துவர் முடிவு செய்வார். தெருவில் திரியும் நாயை 10 நாள் யார் கண்காணிப்பது என்பது வேறு கேள்வி.

இனி நாய் பக்கம். காதில் வெட்டு இருந்தால் அந்த நாய் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பேசின் பாலத்தில் இருக்கும் மையம் மாதிரியான இடங்களில் கருத்தடை செய்து, தடுப்பூசியும் போட்டு, அடையாளத்துக்குக் காதில் வெட்டி, பெரும்பாலும் பிடித்த இடத்திலேயே கொண்டு வந்து விடுகிறார்கள். 2023-இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் அதே இடத்தில்தான் விட வேண்டும் என்கின்றன. கருத்தடை ஆயுளுக்கும் நிற்கும். தடுப்பூசியை வருடா வருடம் போட வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் காது வெட்டப்பட்ட நாய்க்கு இன்று எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று அந்த வெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2024-இல் எடுத்த கணக்குப்படி சென்னையில் சுமார் 1,80,000 தெருநாய்கள். ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது தொடர்ந்து தடுப்பூசி போட்டால்தான் அங்கே வெறிநோய் பரவுவது நிற்கும். மாநகராட்சியால் மட்டும் வருடா வருடம் அத்தனை நாயையும் வலை வீசிப் பிடிக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாய்களை வலை இல்லாமல் தொடக்கூடியவர்கள் சோறு போடுகிறவர்கள்தான்.

அதனால்தான் சந்து என்று சொன்னேன். ஐந்து வீட்டில் ஒருவர் பெயரில் ஒரு தடுப்பூசி அட்டை, போடும் மாதம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். வெறிநோய்த் தடுப்பூசியைக் கண்டுபிடித்த லூயி பாஸ்டர் 1895-இல் இறந்த நாள் அது. அதையொட்டி இலவச முகாம்கள் நடப்பதுண்டு, அந்த மாதத்தையே வைத்துக்கொண்டால் மறக்காது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், திரு.வி.க. நகரில் மாநகராட்சி நடத்தும் செல்லப்பிராணி மருத்துவமனையும் வடசென்னைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வீட்டிலேயே வளர்க்கிறவர்கள் மாநகராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும், அதற்குத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். உரிமத்தை வெறும் அபராதப் பயத்தோடு பார்க்கிறோம். கடி நடந்த அன்று அந்தச் சான்று கையில் இருப்பது மருத்துவருக்கு எவ்வளவு உதவும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தண்ணீர்

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னையில் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் எல்லாம் வழிந்து வீட்டுக்குள் வந்தால், எலிப் பொந்தில் இருப்பதும் கூடவே வரும். எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ் எலியின் சிறுநீரில் வருவது எல்லோருக்கும் தெரியும். நாய்க்கும் அது தொற்றும், தொற்றிய பிறகு வெளியே எந்த நோயும் தெரியாமலே மாதக்கணக்கில் அதன் சிறுநீரிலும் கிருமி வரும் என்பது பலருக்குத் தெரியாது. எலி ஓடும் சாக்கடையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நாம் செருப்பில்லாமல் நடக்கிற படிக்கட்டில் நாய் சிறுநீர் கழித்தால் கணக்கு முடிந்தது. காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே கிருமி உள்ளே போய்விடும். கண், வாய் வழியாகவும் போகும்.

ஈரத்தில் வாரக்கணக்கில் வாழும் இந்தக் கிருமி காய்ந்த தரையில், வெயிலில், பிளீச்சிங் பவுடரில் செத்துவிடும். அதனால் தண்ணீர் வடிந்ததும் வாசலைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் காயவிடுவது உண்மையான தடுப்பு வேலை. நாய்க்குப் போடும் பல நோய்க் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலும் சேர்ந்த வகை உண்டு, கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமியில் பல வகை இருக்கின்றன, ஊசி சிலவற்றுக்குத்தான் காப்பு. மழைக்காலத்துக்கு முன் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். சோற்றுத் தட்டை ராத்திரி வாசலில் விடாமல் எடுத்துவிடுவது அதைவிட முக்கியம். நாய்க்கு வைத்த சோற்றைத் தின்ன எலி வருகிறது, தின்ற இடத்திலேயே சிறுநீர் விடுகிறது, காலையில் நாய் அதே தட்டை நக்குகிறது.

வெள்ளம் வடிந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சலும், கெண்டைக்காலைத் தொட முடியாத வலியும், கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் டெங்கு என்று மட்டும் நினைத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும் முன் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும் நோய் இது.

ஆடுதொட்டி

இதைப் பற்றி ஏனோ அதிகம் பேசுவதில்லை. ஆடு அறுக்கும் கூடமான புளியந்தோப்பு ஆடுதொட்டியைச் சுற்றியுள்ள தெருக்களில் நாய்க்கென்று நுரையீரல், ஈரல் கழிவு மலிவாக வாங்கிப் போடுவது சகஜம். கறிக்கடை வாசலில் காத்திருக்கும் நாய்களுக்கு அது இலவசம். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் தண்ணீர் நிரம்பிய கட்டி இருக்கும். அதைப் பார்த்ததும் கடைக்காரர் வெட்டி ஓரமாக வீசுவார், நாய் கவ்விக்கொண்டு போகும். அந்தக் கட்டிக்குள் இருப்பவை ஒரு நாடாப்புழுவின் தலைகள். நாயின் குடலில் அவை சில மில்லிமீட்டர் நீளப் புழுக்களாக வளரும். ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் தெம்பாகத்தான் இருக்கும். ஒன்றரை மாதம் போனால் மலத்தில் முட்டை வரத் தொடங்கும். முட்டை ரோமத்தில் ஒட்டும், தடவிக் கொடுக்கும் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். மனிதர் ஈரலில் வருடக்கணக்கில் வளர்ந்து, தேங்காய் அளவுக்குக் கூடப் பெரிதாகி, ஸ்கேனில்தான் தெரியவரும் ஹைடாடிட் கட்டி இப்படி வருவதுதான். பல சமயம் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கட்டி இருந்த ஈரலை நாம் சாப்பிட்டால் நமக்கு இந்த நோய் வராது. நாய் வழியாக வந்தால்தான் வரும். ஆகவே சங்கிலியை அறுக்க வேண்டிய இடம் நாயின் தட்டு. குடலோ ஈரலோ எதுவானாலும் நாய்க்குப் பச்சையாகப் போடக் கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும். கறிக்கடைக்காரர் கட்டியுள்ள துண்டை வீசாமல் மூடிய தொட்டியில் போட்டாலே பாதி வேலை முடிந்தது. ஒரு தெருவில் பத்து வீடு வேகவைத்துப் போட்டு, முனைக் கடைக்காரர் மட்டும் வீசிக்கொண்டிருந்தால் பலனில்லை. நாய்க்குக் கொடுக்கும் புழு மருந்தில் பிராசிகுவாண்டல் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும். எல்லாப் புழு மருந்தும் இந்தப் புழுவைக் கொல்லாது.

மற்றப் புழுக்கள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. நாய்க்குட்டி தாயின் வயிற்றிலிருந்தே உருண்டைப்புழுவோடு பிறக்கிறது. அதனால் இரண்டு வாரக் குட்டியிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புழு மருந்து தொடங்க வேண்டும், வளர்ந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். உருண்டைப்புழு முட்டை மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்தால்தான் தொற்றும் பக்குவம் அடையும். கொக்கிப்புழுவுக்கு ஒரு வாரம் போதும். அதன் குஞ்சு மணலில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் புகுந்து, அரிக்கும் சிவப்புக் கோடாக நெளிந்து நெளிந்து நகரும். காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை மணலில் விளையாடும் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் இரண்டுக்குமே பக்குவமடைய நேரம் கிடைக்காது.

பூனையைத் துரத்த வேண்டுமா?

வீட்டில் மருமகள் உண்டானதும் பூனைக்குத்தான் முதல் ஆபத்து. சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பயம் அடியோடு தவறில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆனால் ஒரு பூனை பொதுவாக வாழ்நாளில் ஒரு தடவை, அதுவும் ஓரிரு வாரம்தான் இதை மலத்தில் வெளியேற்றும். வெளியேறிய பிறகும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், ஐந்து நாள் வரைகூட ஆகலாம். பூனையைத் தொடுவதாலோ அது மடியில் படுப்பதாலோ இது வருவது அபூர்வம். அரைவேக்காட்டுக் கறியிலும் கழுவாத கீரையிலும் வர வாய்ப்பு அதிகம். பூனை மலத்தைத் தினமும் வேறு யாராவது அள்ளட்டும், கறி நன்றாக வேகட்டும், கீரையை அலசி எடுங்கள். பூனை இருந்துவிட்டுப் போகட்டும்.

குட்டிப் பூனை பிறாண்டுவதை நாம் கண்டுகொள்வதே இல்லை. பிறாண்டி ஓரிரு வாரத்தில் அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டும், லேசாகக் காய்ச்சல் இருக்கும். இது பார்ட்டோனெல்லா என்ற பாக்டீரியா. பூனைத் தெள்ளின் கழிவு நகத்தில் ஒட்டிக் காயத்துக்குள் போவதால் வருவது. கழுத்தில் நெறி என்றால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள், சந்தேகிக்கவும் வேண்டும். பூனைக்குட்டி பிறாண்டியதைச் சொன்னால் மருத்துவர் இதையும் சேர்த்து யோசிப்பார். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ வெறிநோய் ஊசி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படர்தாமரை பற்றி ஒரே வார்த்தை. பெர்சியன் குட்டி வாங்கிய வீட்டில் பிள்ளைகளுக்கு வட்ட வட்டமாக வந்தால் குட்டியின் காதோரம் முடி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணை நாயிடம் காட்டவே கூடாது. நாய் எச்சிலில் உள்ள சில பாக்டீரியா எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். திறந்த புண்ணில் எச்சில் பட்டால் வெறிநோய்க் கணக்கிலும் அது சேரும்.

மொட்டைமாடி

வடசென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புறா வளர்ப்பு ஒரு பொழுதுபோக்காகத் தெரியலாம். இங்கே அது பரம்பரை. தூரத்திலிருந்து கூடு திரும்பும் ஹோமர் புறா விடுகிறவர், பறக்கும்போது குட்டிக்கரணம் அடிக்கும் கர்ணப் புறா வைத்திருப்பவர் என்று தனித்தனிக் கூட்டம், தனித்தனி ரோஷம். விடியற்காலையில் மாடியேறிக் கூண்டைத் துடைப்பத்தால் பெருக்கி இரை போட்டுவிட்டுத்தான் பல பேர் வேலைக்குக் கிளம்புகிறார்கள். அந்தத் துடைப்பம்தான் பிரச்சினை.

காய்ந்த எச்சத்தைப் பெருக்கும்போது எழும் தூசியில் மூன்று விதச் சங்கடம் இருக்கிறது. முதலாவது சிட்டக்கோசிஸ். கிளி, லவ் பேர்ட்ஸ், புறா ஆகியவற்றிலிருந்து வரும் நுரையீரல் தொற்று. கடும் தலைவலி, காய்ச்சல், வறட்டு இருமல் என்று ஆரம்பிக்கும். சளிக் காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் இதற்குச் சரியாக வேலை செய்யாது, டாக்ஸிசைக்ளின்தான் கேட்கும். இரண்டாவது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. சாதாரண ஆட்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எச்.ஐ.வி. உள்ளவர், உறுப்பு மாற்று செய்தவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோருக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். அவர்கள் கூண்டுப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது கிருமியே இல்லை. இறகிலிருந்து உதிரும் வெள்ளைத் தூளும் எச்சமும் வருடக்கணக்கில் மூச்சில் போய், நுரையீரல் அதை எதிரியாக நினைத்து வீங்குவது. கூண்டு சுத்தம் செய்த சில மணி நேரத்தில் மூச்சு முட்டும், உடம்பு நடுங்கும், மறுநாள் சரியாகிவிடும். மறுபடி சுத்தம் செய்தால் மறுபடி வரும். வருடங்கள் போகப் போக எடை குறையும், நுரையீரல் தழும்பேறும், அதற்குப் பிறகு திரும்பாது. ஆஸ்துமா என்றும் காசநோய் என்றும் மருந்து எடுத்துக்கொண்டே கூண்டையும் பெருக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இந்த மூன்றாவதற்கு மட்டும் நான் சமரசம் சொல்ல மாட்டேன். நுரையீரல் மருத்துவர் இதுதான் என்று உறுதி செய்தால் புறாவை வேறு ஒருவர் பொறுப்பில் விட்டுவிட வேண்டும்.

மற்றவர்களுக்கு வழி சுலபம். பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள். எச்சம் நனைந்த பிறகு சுரண்டி அள்ளுங்கள். என்-95 மாஸ்க் போடுங்கள். அதற்கென்று ஒரு பழைய சட்டை வைத்துக்கொண்டு, அதை மாடியிலேயே கழற்றிவிட்டு இறங்குங்கள். துணி காயப்போடும் கொடியும் தண்ணீர்த் தொட்டியும் கூண்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். கீழ் வீட்டுக்காரரும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறார். பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பறவையை நேரே கூண்டில் விடாமல் ஒரு மாதம் தனியாக வைத்துப் பாருங்கள். பச்சைக்கிளி வாங்கவே வேண்டாம், வன உயிர்ச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம்.

கொளத்தூர்

வண்ண மீன் என்றால் கொளத்தூர். அந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. தொட்டித் தண்ணீரில் வாழும் ஒரு பாக்டீரியா காசநோய்க் கிருமியின் உறவு. மைகோபாக்டீரியம் மரினம் என்று பெயர். கையில் சிராய்ப்போடு தொட்டியைக் கழுவினால் சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத முடிச்சு வரும், பிறகு வரிசையாக மேலே ஏறும். 30 டிகிரி வெப்பத்தில் நன்றாக வளரும் இது உடம்புக்குள் இருக்கும் 37 டிகிரியில் தடுமாறும், அதனால் பெரும்பாலும் கையோடு நின்றுவிடும். ஆனாலும் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்களுக்கும் முள் குத்தி இது வரலாம். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போதும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கையால் அழுத்தும் பம்பு வந்துவிட்டது.

மீனோடு சேர்த்துக் குட்டி ஆமையும் விற்கிறார்கள். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் மேலும் அதன் தண்ணீரிலும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம். பிள்ளைகள் வாயில் வைத்ததால் வந்த வயிற்றுப்போக்குகளைப் பார்த்து அமெரிக்கா 1975-லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டது. ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம். ஆமைத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டவும் வேண்டாம்.

ஓ.பி. சீட்டு

மருத்துவமனைக் கூட்டத்தில் மருத்துவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று அவர் கேட்க மறந்துபோகலாம். நீங்களே சொல்லிவிடுங்கள். மாடியில் புறா இருக்கிறது, பூனைக்குட்டி பிறாண்டியது, மீன் தொட்டி கழுவுகிறேன், போன வாரம் சாக்கடைத் தண்ணீரில் நடந்தேன் என்று இதில் எது பொருந்துமோ அதைச் சொன்னால் எழுதும் பரிசோதனை மாறும், கொடுக்கும் மாத்திரையும் மாறும். கால்நடை மருத்துவரிடம் போகும்போதும் அப்படியே; வீட்டில் கர்ப்பிணியோ கீமோ எடுப்பவரோ இருந்தால் அவருக்கும் தெரிய வேண்டும். நாய்க்கு எலிக்காய்ச்சல் என்று வேப்பேரியில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டைக் காட்டி உங்களுக்கும் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அந்த நாய்க்குச் சோறு போடும் மற்ற நான்கு வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.